பிஎஸ்ஐ அதிகமென்றால் நல்லதா? ஷிங்கிள் கூரைக் கறையை நீக்கக் கருவி தேர்ந்தெடுப்பது எப்படி

கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்த காலம் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஏஎம்டி நிறுவனம் அத்லான் எக்ஸ்பி 1800+ என்ற ப்ராசசரை வெளியிட்டது. அதன் வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் அதைவிட அதிக கிகாஹெர்ட்ஸ் கொண்ட பென்டியம் 4 ப்ராசசர்களோடு பல வேலைகளில் அது சரிக்குச் சமமாக நின்றது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண் மட்டும் வேலையைச் செய்வதில்லை என்பது பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பாடத்தை நண்பர்களுக்கெல்லாம் சொல்லி வந்த நானே, என் வீட்டுக் கூரை விஷயத்தில் அதே தவறைச் செய்தேன். எண்ணைப் பார்த்துக் கருவி வாங்கினேன். அதனால் கூரையின் ஒரு மூலை கெட்டது. அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலரும் இந்தத் தவறைச் செய்யக் கூடியவர்கள் என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கடிதம் வந்தது

நான் வசிப்பது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே. இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் காங்கிரீட் கூரை கிடையாது. சரிவான மரச் சட்டத்தின் மேல் ஷிங்கிள் என்ற தகடுகளை வரிசையாக ஆணி அடித்துப் பதிப்பார்கள். கண்ணாடி இழைப் பாயில் தார் பூசி, அதன் மேல் சிறு கல் துகள்களைப் பதித்துச் செய்வதுதான் ஷிங்கிள்.

என் கூரைக்கு 11 வயது. வடக்குப் பக்கச் சரிவில் மேலிருந்து கீழாக மை வழிந்தது போலக் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. குடியிருப்போர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது: 30 நாட்களுக்குள் கூரையைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

ஊரிலிருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஏம்ப்பா, கூரையைப் போய் யாராவது கழுவுவாங்களா? மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிடாதா?" என்று சிரித்தார். உண்மையில் மழைதான் அந்தக் கறையை வளர்க்கிறது என்பது அப்போது எனக்கும் தெரியாது.

கறை என்பது அழுக்கல்ல

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். இந்தக் கறுப்பு தூசியோ புகையோ அல்ல, உயிருள்ள ஒன்று. குளோயியோகேப்சா மேக்மா என்ற நீலப்பச்சை பாக்டீரியாக் கூட்டம் அது. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக் கொள்ள அது தன்னைச் சுற்றிக் கறுப்பு நிற உறையை வளர்த்துக் கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் கறை அந்த உறைதான். ஈரப்பதம் அதிகமுள்ள தென்கிழக்கு அமெரிக்காவில் இது மிகவும் சாதாரணம். வடக்குச் சரிவில் வெயில் குறைவு. ஈரம் மெதுவாகக் காயும். அதனால் அந்தப் பக்கம்தான் முதலில் கறுக்கும்.

உங்கள் கூரையில் புகைபோக்கி இருந்தால் அதன் அடிப்பகுதியைக் கவனியுங்கள். அங்கே பதித்துள்ள உலோகத் தகட்டுக்குக் கீழே மட்டும் கறை இல்லாமல் ஒரு பட்டை தெரியலாம். தகட்டிலுள்ள துத்தநாகமோ செம்போ மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வழிந்து, அந்த உயிரை வளர விடாமல் செய்கிறது. இதிலிருந்தே தெரிகிறது: இதை அடித்து விரட்டத் தேவையில்லை, கொன்றால் போதும்.

நான் செய்த தவறு

இதெல்லாம் தெரியாமல் நேராகக் கடைக்குப் போனேன். பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷர் வரிசையாக இருந்தது. 2000 பிஎஸ்ஐ, 2500 பிஎஸ்ஐ, 3000 பிஎஸ்ஐ என்று பெட்டிகளில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். "கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்" என்று 3000 பிஎஸ்ஐ வாங்கி வந்தேன்.

பின்பக்கம், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தேன். கறுப்பு உடனே மறைந்தது. எனக்கோ மகிழ்ச்சி. சுமார் 20 சதுர அடி முடித்த பிறகு, கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் கால்வாயை எட்டிப் பார்த்தேன். அதில் கறுப்பு மணல் போல ஏதோ கை நிறையக் கிடந்தது. அது கறை அல்ல; ஷிங்கிளின் மேல் பதித்திருந்த கல் துகள்கள்!

அந்தத் துகள்கள் அழகுக்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தாரைத் தாக்காமல் காப்பது அவைதான். துகள் போன இடத்தில் தார் காய்ந்து வெடித்து, காலப்போக்கில் நீர் கசியும். அமெரிக்காவின் ஆஸ்ஃபால்ட் ரூஃபிங் உற்பத்தியாளர் சங்கமே பிரஷர் வாஷரை ஷிங்கிள் மேல் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கறை நீங்கியது போல் தெரிந்ததற்குக் காரணம், கறை ஒட்டியிருந்த பரப்பையே நான் பெயர்த்து எடுத்ததுதான். வைரஸ் பிடித்த ஃபைலை நீக்க ஹார்ட் டிஸ்கையே உடைப்பது போல!

பிறகு எதுதான் சரி?

அந்தச் சங்கம் கூறும் முறை மிக எளிமையானது. துணி துவைக்கப் பயன்படும் திரவ பிளீச் பாதி, தண்ணீர் பாதி கலந்து கூரையில் தெளிக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடங்கள் ஊற விட வேண்டும். பிறகு குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். இங்கே தொழில் செய்பவர்கள் இந்த வகை முறையை 'சாஃப்ட் வாஷ்' என்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் சாதாரண பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம் இருக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் கூரையில் விழுவது 3 முதல் 4 சதவீதம். வாசனை சேர்த்த பிளீச்சும், தெறிக்காமலிருக்கக் கெட்டியாக்கிய பிளீச்சும் வேண்டாம். லேபிளில் சதவீதம் அச்சிட்டிருக்கும் பாட்டிலையே வாங்குங்கள். வெயிலிலும் சூட்டிலும் பிளீச் வீரியம் இழக்கும். ஆகவே பழைய பாட்டிலும் வேண்டாம்.

ஆக, வேலையைச் செய்வது மருந்து. கருவியின் வேலை மருந்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பது மட்டுமே. இதை மனதில் வைத்துக் கொண்டால் கருவி தேர்வு எளிதாகிவிடும்.

நான்கு கருவிகள் - ஓர் ஒப்பீடு

1. பிரஷர் வாஷர்: மருந்து கலக்கும் இணைப்பு சில மாடல்களில் உண்டு. "அதில் பிளீச் ஊற்றி, அழுத்தத்தைக் குறைத்து அடிக்கலாமே?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இணைப்பு ஒரு பங்கு மருந்துக்குச் சுமார் 15 பங்கு தண்ணீர் கலக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 6 சதவீத பிளீச்சை 16ஆல் வகுத்தால் கூரைக்குப் போவது 0.4 சதவீதம் கூட இல்லை. தேவையோ 3 சதவீதம். நேரடியாகப் பம்ப் வழியே பிளீச்சை விட்டால் அதிலுள்ள பித்தளைப் பாகங்களும் ரப்பர் சீல்களும் கெடும். ஆகவே கூரைக்கு இது வேண்டாம்.

2. தோட்டக் குழாய் முனையில் மாட்டும் பாட்டில் தெளிப்பான்: இதுவும் மருந்தை அதிகமாக நீர்க்க வைக்கும். கூரையின் உயரத்துக்குப் போதுமான அளவு பீய்ச்சவும் செய்யாது.

3. கையால் காற்று அடிக்கும் 2 கேலன் தெளிப்பான்: 2 கேலன் என்பது சுமார் 7.5 லிட்டர். வாசல் முகப்பு, கார் ஷெட் போன்ற சிறிய கூரைகளுக்கு இதுவே போதும். பெரிய சரிவுக்கு ஏணியில் பல முறை ஏறி இறங்க நேரிடும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

4. 12 வோல்ட் டயாஃபிரம் பம்ப்: பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப். அழுத்தம் 45 முதல் 60 பிஎஸ்ஐ வரைதான். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் அழுத்தம் போல. கலந்து வைத்த மருந்தை டிரம்மிலிருந்து உறிஞ்சி அப்படியே அனுப்பும். துப்பாக்கியின் விசையை விட்டதும் தானே நின்றுவிடும் பிரஷர் ஸ்விட்ச் உள்ளதாக வாங்க வேண்டும். சாதாரண வீட்டுக் கூரைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

பம்ப் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பிஎஸ்ஐ என்பது தள்ளும் விசை. மின்சாரத்தில் வோல்டேஜ் போல. ஜிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கேலன் ஓடுகிறது என்பது, ஆம்பியர் போல. கூரைக்குத் தேவை குறைந்த பிஎஸ்ஐயும் போதுமான ஜிபிஎம்மும். பெட்டியில் 5 ஜிபிஎம் என்றிருந்தால் அது பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. ஹோஸும் நாசிலும் மாட்டிய பிறகு என் பம்ப் தந்தது சுமார் 3 ஜிபிஎம்.

அடுத்தது சீல். இதுதான் மிக முக்கியம். பெட்டியில் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதும் இதுதான். முதலில் நான் வாங்கிய பம்ப் தோட்டத்துக்கு உரம் தெளிப்பதற்கானது. சீல் என்ன ரப்பர் என்று பார்க்கவில்லை. இரண்டாவது வார இறுதியிலேயே சீல் உப்பி, பிளீச் கசிந்து என் சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. நைட்ரைல் என்ற ரப்பர் பிளீச்சுக்குத் தாங்காது. வைட்டான், இபிடிஎம், சாண்டோபிரீன் ஆகியவை தாங்கும். பாலிப்ராப்பிலீன் உடல் நல்லது. அலுமினியம், பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றாலான இணைப்புகள் வேண்டாம், பிளாஸ்டிக்கே சிறந்தது. மதர்போர்டுக்கு எந்த ராம் பொருந்தும் என்று பார்க்காமல் வாங்குவோமா? அது போலத்தான் இதுவும்.

மூன்றாவது ஹோஸ். 3 ஜிபிஎம் ஓட்டத்தில் 100 அடி ஹோஸில் எவ்வளவு அழுத்தம் வீணாகும் என்று கணக்கிட்டேன். உட்புற விட்டம் 3/8 அங்குலமானால் சுமார் 44 பிஎஸ்ஐ. 1/2 அங்குலமானால் சுமார் 11. 5/8 அங்குலமானால் சுமார் 4 மட்டுமே. உயரம் ஏற ஏறவும் அழுத்தம் குறையும்: ஒவ்வொரு 2.31 அடிக்கும் 1 பிஎஸ்ஐ. 15 அடி உயரத்துக்கு 6.5 பிஎஸ்ஐ போய்விடும். 50 பிஎஸ்ஐ பம்பில் 3/8 ஹோஸ் மாட்டினால் நாசிலுக்கு எதுவும் மிஞ்சாது. பம்ப் நன்றாக இருந்தும் பயனில்லை. வேகமான ப்ராசசர் வாங்கி, மெதுவான ஹார்ட் டிஸ்க் போட்டது போல் ஆகிவிடும். 5/8 அங்குல ஹோஸையே வாங்குங்கள்.

நான்காவது மின்சாரம். பம்புக்கும் பேட்டரிக்கும் இடையே ஒயரை நீளமாக இழுக்காதீர்கள். 12 வோல்ட்டில் 1 வோல்ட் இழந்தாலும் அது பெரிய இழப்பு. பேட்டரியை பம்ப் அருகிலேயே வைத்து, ஹோஸை நீளமாக்குங்கள். ஒயரில் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

எக்ஸெல்லில் ஒரு சிறு கணக்கு

எவ்வளவு மருந்து, எவ்வளவு பெரிய பேட்டரி? எக்ஸெல்லில் ஐந்து வரிகளில் கண்டுபிடிக்கலாம்.

1. கூகுள் எர்த்தில் உங்கள் வீட்டைத் திறந்து, ரூலர் கருவியால் கறை படிந்த சரிவின் நீள அகலத்தை மேலிருந்து அளக்கவும். என் வீட்டில் 35 அடிக்கு 20 அடி; அதாவது 700 சதுர அடி.

2. இது தரையின் மேல் விழும் அளவு. சரிவின் உண்மையான பரப்பு இதைவிட அதிகம். மொபைல் போனிலுள்ள ரசமட்டம் செயலியால் சரிவின் கோணத்தை அளக்கவும். என் கூரை 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஏறுகிறது, அதாவது 26.6 டிகிரி. 700ஐ அந்தக் கோணத்தின் காஸ் மதிப்பால் வகுத்தால் சுமார் 783 சதுர அடி.

எச்சரிக்கை: எக்ஸெல்லின் காஸ் ஃபங்ஷனுக்கு டிகிரியை அப்படியே கொடுக்கக் கூடாது. ரேடியன்ஸ் ஃபங்ஷனால் மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். விடை 6,700 சதுர அடிக்கு மேல் வந்தது. என் வீடு அரண்மனை அல்ல என்பதால் தவறு உடனே தெரிந்தது!

3. சோதனையாக 100 சதுர அடி தெளித்ததில் எனக்கு 1.5 கேலன் கலவை ஆயிற்று. அந்தக் கணக்கில் 783 சதுர அடிக்கு சுமார் 12 கேலன். அதாவது 45 லிட்டர். அதில் பிளீச் 6 கேலன்.

4. நிமிடத்துக்கு 3 கேலன் என்றால் பம்ப் ஓட வேண்டியது வெறும் 4 நிமிடம்!

5. என் பம்ப் இழுப்பது சுமார் 11 ஆம்பியர். 4 நிமிடத்துக்கு 1 ஆம்பியர்-அவர் கூட ஆகாது. இரண்டு முறை தெளித்தாலும் 1.5தான்.

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியே போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 7 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. 11 ஆம்பியர் வேகத்தில் இழுத்தால் அதில் பாதி அளவுகூடக் கிடைக்காமல் போகலாம். யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி என்றால் இன்னும் மோசம். அதனால் 18 ஆம்பியர்-அவர் பேட்டரி வாங்கினேன். கணக்குப் போடாமல் போயிருந்தால் லாரி பேட்டரியே வாங்கியிருப்பேன். பம்ப், ஹோஸ், பேட்டரி எல்லாம் சேர்த்தும் அந்த பிரஷர் வாஷரின் விலையைவிடக் குறைவாகவே ஆயிற்று.

பாதுகாப்பு

கூரை கெட்டால் மாற்றலாம். இடுப்பு முறிந்தால்? பிளீச் பட்ட ஷிங்கிள் சோப்பு நீர் போல வழுக்கும். ஈரமான கூரையில் கால் வைக்காதீர்கள். ஏணியில் நின்றபடியோ தரையிலிருந்தோ தெளியுங்கள். ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் தள்ளிச் சாய்த்து, அதன் மேல்முனை கூரை விளிம்புக்கு 3 அடி மேலே நிற்கும்படி வையுங்கள். கீழே ஒருவர் துணைக்கு இருக்கட்டும். அருகில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பிளீச்சுடன் அமோனியா உள்ள எதையும், வினிகர் போன்ற அமிலம் எதையும் கலக்கவே கூடாது. விஷவாயு உண்டாகும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். காற்று வீசும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

செடிகளுக்கு முன்பும், வேலை நடக்கும்போதும், பின்பும் நிறையத் தண்ணீர் விடுங்கள். மழைநீர் இறங்கும் குழாயின் வாயருகே உள்ள செடிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கூரையில் விழுந்த மருந்து முழுவதும் அங்கேதான் வந்து சேரும். நான் இதைச் செய்தும், குழாயருகே இருந்த துளசித் தொட்டியை நகர்த்த மறந்து இழந்தேன்.

முடிவு என்ன?

ஒரு மேகமூட்டமான காலையில் தெளித்தேன். வெயில் இருந்தால் மருந்து ஊறுவதற்குள் காய்ந்துவிடும். 10 நிமிடத்தில் கறுப்பு பழுப்பாக மாறியது. 20 நிமிடத்தில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவினேன். பிறகு பம்பில் 5 நிமிடம் சுத்தத் தண்ணீர் ஓட்டி அலசி வைத்தேன். மிச்சமிருந்த சில புள்ளிகள் அடுத்த சில மழைகளில் போய்விட்டன. கால்வாயை எட்டிப் பார்த்தேன். கைநிறைய மணல் இல்லை. சங்கத்துக்குப் போட்டோ அனுப்பினேன், அபராதம் இல்லை.

இது நிரந்தரத் தீர்வு அல்ல. ஈரம் உள்ளவரை சில ஆண்டுகளில் கறை மீண்டும் வரலாம். கூரை முகட்டில் துத்தநாகம் அல்லது செம்புப் பட்டை பதித்தால் தாமதமாகும். புதுக் கூரை போடுவோர் செம்பு கலந்த துகள் உள்ள ஷிங்கிளைக் கேட்டு வாங்கலாம்.

வீடு இரண்டு மாடி என்றாலோ, சரிவு செங்குத்து என்றாலோ நீங்களே இறங்காதீர்கள், ஆள் வையுங்கள். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை சதவீதம்? பம்பின் பிஎஸ்ஐ எவ்வளவு? உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு அவர் ஆயிரக்கணக்கில் ஒரு எண்ணைப் பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

என் வீட்டின் பின்மூலையில் துகள் உதிர்ந்த அந்த 20 சதுர அடி இன்னும் அப்படியே இருக்கிறது. கறை இல்லாமல்தான் இருக்கிறது. ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் அதன் கீழேயுள்ள அறையின் சீலிங்கை ஒரு முறை அண்ணாந்து பார்த்துக் கொள்கிறேன். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். கடையில் பெட்டியைக் கையில் எடுத்தால் பெரிய எண்ணை விட்டுவிட்டு, முதலில் சிறிய எழுத்துகளைப் படியுங்கள்.